காபியில் வெள்ளைத் தூள்

வனஜா கரண்டியின் முதுகால் நசுக்கிய வெள்ளைத் தூளைக் காபியில் போட்டு ஓர் ஆற்று ஆற்றினாள். திரும்பினால் அடுப்படி வாசலில் புருஷன் ரவிசந்திரன்.

"என்னடி அது?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அறை விழுந்தது. சாதாரண அறையா அது! நெற்றி அடுப்பு மேடை விளிம்பில் மோதி, புருவத்தில் ரத்தம் வழிந்தது.

போசரியில் முலாம் பூசும் தொழிற்சாலை ஒன்றில் ரவிசந்திரனுக்கு வேலை. சயனைடு உப்பு பூட்டி வைத்திருக்கும் பீரோவின் சாவி பத்து வருஷமாக இவன் இடுப்பில்தான் தொங்குகிறது. வெள்ளையாக எதைப் பார்த்தாலும் இவனுக்கு அது ஒன்றுதான் ஞாபகம் வரும். சர்க்கரையைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் போட்டுக்கொள்வான்.

"என் சாவியை எப்போடி எடுத்தே? கட்டின புருஷனுக்கே விஷம் வைக்கறியா?"

"விஷமில்லைங்க. சத்தியமா விஷமில்ல."

"அப்ப என்னது? சொல்லு!"

அவள் கரண்டியைக் கழுவத் திரும்பினாள். இடுப்பு பெல்ட் உருவப்பட்டது. முதுகிலும் கையிலும் பட்ட இடமெல்லாம் தடித்தது.

சத்தம் கேட்டு மாமியார் ஆனந்தவல்லி வந்தாள். தடுக்கவா வந்தாள்? எண்ணெய் ஊற்ற வந்தாள்.

"சாயங்காலம் தாபோடிக்குப் பொண்ணு பாக்கப் போறோம்ல, அதான்டா வேலையைக் காட்டறா! ஏழு வருஷமா வயித்துல ஒரு புழு பூச்சி உண்டா? ரெண்டு பேருமா ஆஸ்பத்திரியில டெஸ்ட் குடுத்துட்டு வந்தீங்க. காகிதம் வாங்கப் போனவ, டாக்டர் பொறுத்திருக்கச் சொன்னாங்கன்னு ஒத்த வார்த்தையில முடிச்சுக்கிட்டா. எனக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு!"

பெண் பார்ப்பது ரவிசந்திரனுக்குத்தான். இரண்டாம் தாரம். இன்று பேசி முடித்துவிட்டால் வனஜா நாளைக்குப் பிறந்த வீட்டுக்கு ரயிலேற வேண்டியதுதான். அவள் துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கிக் கயிறுகூடக் கட்டிவிட்டாள் மாமியார். என்ன கருணை!

ரவிசந்திரன் டம்ளரை எடுத்தான். அவள் கொண்டையைப் பிடித்துத் தலையைப் பின்னால் சாய்த்தான்.

"விஷமில்லன்னியே, நீயே குடி!"

ஊற்றினான். கொதிக்கிற காபி தாடையில் வழிந்து கழுத்தெல்லாம் சிவந்துபோயிற்று. அவள் திமிறவே இல்லை. டம்ளரை வாங்கி மிச்சத்தையும் மடக் மடக்கென்று குடித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

அம்மாவும் பிள்ளையும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், நுரை தள்ளுமா என்று. அடப்பாவிகளா! ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து நிமிஷம் ஆயிற்று. அவள் முந்தானையால் புருவத்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உடனே சாகலைன்னா, இது மெதுவாக் கொல்ற மருந்துடா" என்றாள் ஆனந்தவல்லி.

அடுப்படி அலமாரியே தரைக்கு வந்தது. துவரம்பருப்பு டப்பாவின் அடியில் அகப்பட்டது ஒரு பொட்டலம். நாலு மாத்திரை அட்டைகள், அவற்றைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்ட ஒரு டாக்டர் சீட்டு. எல்லாம் இங்கிலீஷ் கிறுக்கல். அவனுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை.

"வா, கீழே மெடிக்கல்ல கேப்போம். நாலு பேருக்குத் தெரியட்டும் ஒன் யோக்கியதை!"

அத்தனை அடிக்கும் அழாதவள் அப்போதுதான் அலறினாள். அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

"வெளில மட்டும் வேண்டாங்க. கும்பிட்டுக் கேக்கறேன். என்னை இங்கேயே கொன்னு போட்டுடுங்க."

"பயம் வந்துடுச்சு பாத்தியா!" என்றாள் மாமியார்.

ரவிசந்திரன் அவள் மயிரைப் பிடித்து மாடிப்படியில் இழுத்துக்கொண்டே இறங்கினான். ஒவ்வொரு படியிலும் முழங்கால் இடித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, ஏரவாடாவில் அவர்கள் குடியிருந்த சந்தில் கூட்டத்துக்கா பஞ்சம்? எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்றவர்கள்கூட வந்துவிட்டார்கள்.

மருந்துக்கடை முகமது ரஃபீக் திருநெல்வேலிக்காரர். மாத்திரை அட்டையைப் பார்த்தார். சீட்டைப் பிரித்துப் படித்தார். ரவிசந்திரனை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் சீட்டைப் படித்தார்.

"அண்ணே, உள்ள வாங்க. தனியாப் பேசுவோம்."

"எதுக்குத் தனியா? எல்லாரும் கேக்கட்டும். சத்தமாச் சொல்லுங்க பாய், இது என்ன விஷம்?"

"விஷமில்லண்ணே. வைட்டமின், சத்து மாத்திரை. பிள்ளை வேணும்னு காத்திருக்கறவங்களுக்கு டாக்டர் எழுதிக் குடுக்கறது."

கூட்டத்தில் யாரோ 'ச்சே' என்றார்கள். ரவிசந்திரனின் பிடி தளர்ந்தது. ஆனால் ஆனந்தவல்லி விடுகிற ஆளா? இடுப்பில் கைவைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இருக்கட்டுமே! பிள்ளை பெத்துக்க வக்கில்லாத மலடி இவ. மாத்திரையை இவ முழுங்காம, எம்மவன் காபியில எதுக்குக் கலக்கறா? அதுக்குப் பதில் சொல்லுங்க!"

வனஜா ரஃபீக்கைப் பார்த்துக் கை கூப்பினாள். சொல்லாதீங்க என்று தலையாட்டினாள். அவள் புருவத்து ரத்தம் மூக்கு நுனிவரை இறங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் அந்த மனுஷனுக்குப் பொறுக்கவில்லை. சீட்டை மடித்து ரவிசந்திரன் கையில் கொடுத்தார்.

"குறை யாருக்கோ அவங்கதானேம்மா சாப்பிடணும்?"