தள்ளு, க்ளிக், இழு

"பொம்ம வுட்றவனுக்குப் பொண்ணு கெடையாதுப்பா," என்றார் சூசைராஜ்.

அந்தோணிராஜுக்குச் சுருக்கென்றது. ராவும் பகலும் உட்கார்ந்து சொந்தமாகச் செய்த ட்ரோனைப் பொம்மை என்றால் யாருக்குத்தான் ரோஷம் வராது? ஆனால் சொன்னவர் வீட்டு ஓனர். அவன் வேலை பார்க்கிற கார் ஒயர் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். எல்லாத்துக்கும் மேல, அவன் கட்டிக்க ஆசைப்படுற ஷாலினோட அப்பா. இதில் எந்த ஆளை எதிர்த்துப் பேசுவது?

"பொம்மை இல்ல சார். பூக்கூடையவே தூக்கும்."

"அப்டியா? ஞாயித்துக்கெழம நம்ம கோயில்ல மாதா சப்பரம் வருது. அது மேல பூ தூவிக் காட்டு. ஊரே பாக்கட்டும். அப்பால கல்யாணப் பேச்சு. கீழ வுழுந்து மானத்த வாங்கிச்சு, அன்னிக்கே ரூமக் காலி பண்ணிகினு பொட்டியத் தூக்கு."

அன்றைக்குப் பிடித்தது சனி.

ரூமுக்குள் ஓட்டினால் நாலு மோட்டாரும் சமர்த்தாகச் சுற்றும். மொட்டை மாடிக்குக் கொண்டுபோனால் ஓர் ஆள் உயரம் எழும்பும், ஒரு மோட்டார் விக்கும், ட்ரோன் சாய்ந்துபோய் ஓனரம்மா காயப்போட்ட வடகத்தில் உட்காரும்.

மோட்டாரை மாற்றினான். அதே விக்கல். மோட்டாரை ஓட்டுகிற குட்டி போர்டை மாற்றினான். அப்பவும் விக்கல். கடைசியில்தான் கண்ணில் பட்டது. பேட்டரிப் பக்கம் ஈயம் வைத்து ஒட்டின இடத்தில் ஒயர் விட்டுப்போய், ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. சும்மா இருந்தால் ஓடும், ஆடினால் நிற்கும். அட, இவ்வளவுதானா என்று திரும்ப ஒட்டினான். ஜம்மென்று பறந்தது.

ஷிப்டு முடிந்து வந்து பார்த்தால் வேறொரு மோட்டாரில் ஒயர் விட்டிருந்தது. அதை ஒட்டினான். மறுநாள் இன்னொன்று.

"இது தானா விட்டுப்போற மாதிரி தெரியலல," என்றான் ரூம்மேட் சண்முகசுந்தரம். இரண்டு பேருக்கும் தூத்துக்குடிப் பக்கம். "யாரோ இழுத்து விடுதாவ."

"யாருல?"

"கீழ இருக்கவருதான். மாத்துச் சாவி அவருட்டதான இருக்கு?"

"ச்சே, கோயில் கமிட்டித் தலைவரு, அப்படியெல்லாம் செய்வாரா?"

"அதான் ஒனக்குப் பொண்ணு குடுக்க இஷ்டம் இல்லங்காரே," என்றான் இன்னொரு ரூம்மேட் எழிலரசன். "வேற யாரு செய்வா? நாங்களா செய்வோம்?"

சனிக்கிழமை காலையில் நாலு மோட்டாரையும் புதுசாக ஒட்டினான் அந்தோணிராஜ். ஆள் அசைந்தால் தானாக வீடியோ எடுக்கிற ஆப் ஒன்றைப் பழைய செல்போனில் போட்டு, சாம்பார்ப்பொடி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஷிப்டுக்குப் போய்விட்டான்.

சாயந்தரம் வந்து பார்த்தால் ஒயர் தொங்குகிறது.

செல்லை எடுத்துச் சத்தம் வைக்காமல் கடைசிப் படத்தை மட்டும் பார்த்தான். கைலி, பனியன், நரைத்த மீசை. சூசைராஜேதான். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், ட்ரோனை மடியில் வைத்து ஒயரை வெடுக்கென்று இழுத்தார்.

அதற்கு மேல் பார்க்கப் பொறுக்காமல் செல்லை அணைத்தான் அந்தோணிராஜ். விடிந்தால் சப்பரம். திரும்ப ஒட்டினாலும் இவர் விடப்போவதில்லை. ஷாலினும் போச்சு, ரூமும் போச்சு. போனால் போகட்டும், இந்த ஆள் யோக்கியதையை அவர் மகளுக்குக் காட்டிவிட்டுத்தான் போவது என்று கீழே இறங்கினான். வேடிக்கை பார்க்க இரண்டு ரூம்மேட்டும் பின்னாலேயே வந்தார்கள்.

சூசைராஜ் சோபாவில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா, நாளைக்குப் பறக்குமா?"

"அதை நீங்கதான் சொல்லணும் சார். ஷாலின், நீயும் வந்து பாரு."

செல்லை டீப்பாயில் நிறுத்தி, சத்தத்தை முழுசாக வைத்து முதலிலிருந்து ஓடவிட்டான்.

முதலில் வந்தது ஓனர் இல்லை, சண்முகசுந்தரம். ட்ரோனை எடுத்து, ஒவ்வொரு ஒயராகப் பிடித்து, "தள்ளு... க்ளிக்... இழு..." என்று முணுமுணுத்தபடி இழுத்துப் பார்த்தான். அவர்கள் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொல்லித்தருகிற பாடம் அது. ஒயரைக் கனெக்டரில் சொருகினால் தள்ளணும், க்ளிக் கேட்கணும், இழுத்துப் பார்க்கணும். கார் ஒயருக்கு அது சரி. மிளகு அளவு ஈயத்தில் ஒட்டிய ஒயர் என்னத்துக்கு ஆகும்?

"என்னல இது?" என்றான் அந்தோணிராஜ்.

"செக் பண்ணேம்ல," என்று நெளிந்தான் சண்முகசுந்தரம். "நாளைக்குப் பறக்கணும்லா. கை சும்மா இருக்க மாட்டேங்கு."

அடுத்து எழிலரசன். அவன் இன்னும் பலமாக இழுத்தான். இழுத்துவிட்டு ட்ரோனுக்கு ஒரு முத்தமும் கொடுத்தான்.

"நல்லதுக்குத்தாம்ல செஞ்சேன்," என்றான் எழிலரசன், யாரையும் பார்க்காமல்.

அடுத்துக் கைலி தெரிந்தது. சூசைராஜ் காபி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

"போதும்ப்பா, நிறுத்து. சார்ஜ் பூடப் போவுது."

"இருப்பா, நீ இன்னா பண்ணேன்னு இன்னும் பாக்கல," என்று ஷாலின் செல்லைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

படத்தில் சூசைராஜ் நாலு ஒயரையும் பொறுப்பாக இழுத்து முடித்தார். ட்ரோனை இறக்கி வைத்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணை மூடினார்.

"மாதாவே, எல்லா ஒயரையும் இழுத்துப் பாத்துட்டேன், டைட்டா கீது. நாளைக்கு எப்டியாவது இத்தப் பறக்க வெச்சுடு, மாப்பிள்ளை இவன்தான்னு சொந்தக்காரன் அத்தினி பேருக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேன்."