நம்பகமானவை மட்டும்

மாணிக்கவேலின் பட்டுக்கடையைப் பற்றித் தாறுமாறாகச் செய்தி போடும் சேனல்களை அபிநயா கைபேசியின் செய்திப் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டிருக்கிறாள். "எடுக்க எடுக்க வந்துக்கினே இருக்குதும்மா. பாலியஸ்டரைப் பட்டுன்னு வித்தாராம். யாரு, நம்ம மாமாவா?" அம்மா கிருஷ்ணவேணிக்குத் தம்பி மாணிக்கவேல் என்றால் உயிர். "எல்லாத்தையும் தூக்கிடு. நம்ம வீட்டுக்கு வர்ற பேப்பரு மட்டும் இருந்தா போதும். அது பொய் எழுதாது" என்கிறாள். மகளின் முகூர்த்தத்துக்குத் தாய்மாமன் சீராக அவன் கொண்டுவந்து வைத்த அரக்குப் புடவை அவள் மடியில், ஜன்னல் வெயிலில் தகதகக்கிறது. பக்கத்து வீட்டுத் தறி ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. அபிநயா அந்தப் பேப்பரின் பெயரைத் தொடுகிறாள். திரை ஒருமுறை வெளுத்து, முதல் செய்தியாக வந்து நிற்கிறது தம்பி கடையின் ஷட்டர், அதில் சீல் வைத்த பூட்டு.

கிருஷ்ணவேணி புடவையோடு எழுந்து அடுப்படிக்குப் போகிறாள். அசல் பட்டைக் கொளுத்தினால் முடி கருகும் நாற்றம் வரும், தொட்டால் சாம்பலாக உதிரும் என்பது இந்த ஊரில் யாருக்கும் தெரியும். ஆனால் தம்பி கொடுத்த சீரை யார் கொளுத்திப் பார்ப்பார்கள்? முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஓர் இழையை உருவித் தீக்குச்சியைக் காட்டுகிறாள். பிளாஸ்டிக் வாடை குப்பென்று அடிக்கிறது. இழை சுருண்டு உருகி, கடுகளவு கறுப்பு மணியாக விரலில் ஒட்டிச் சுடுகிறது. உதறக்கூடத் தோன்றாமல் நிற்கிறாள்.

"அம்மா," கூடத்திலிருந்து அபிநயாவின் குரல், "இந்தப் பேப்பரையும் தூக்கிடட்டுமா?"