அட்டையில் ஒரு சுண்டுவிரல்

"ஆல்பத்தைத் தொடாதம்மா. வெங்காயம் நறுக்கின கை" என்று அவன் அதட்டியதும், அம்மா டீ தம்ளர்களை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

கண்காட்சிக்குப் படம் பொறுக்க வந்திருந்த அதிகாரி ஆல்பத்திலேயே மூழ்கியிருந்தார். அந்தக் காலத்தில் சிகரெட் பெட்டிக்குள் விளம்பரத்துக்காகப் போட்ட அட்டைகள். ஐம்பது நடிகைகளின் ஓவியங்கள். இருபது வருடம் நாயாய்ப் பேயாய் அலைந்து அவன் சேர்த்தவை.

"அந்த நளினத்தைப் பாருங்க சார். பாத்திரம் தேய்ச்ச கையா அது?"

அதிகாரி பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "முகம்தான் சார் அம்பது. கை ஒண்ணுதான். எல்லாருக்கும் சுண்டுவிரல் ஒரே மாதிரி கோணியிருக்கு."

"அது அப்போ ஸ்டைல் சார்."

"ஸ்டைல் எல்லாம் இல்லப்பா" என்றாள் அம்மா. "ஓவியர்கிட்ட அவங்க முகம் மட்டும்தான் போட்டோவுல இருந்துச்சு. கைக்கு, பெட்டி அடுக்கிட்டிருந்த என்னைக் கூப்பிட்டு உட்கார வெச்சாரு. விரல் அதுக்கு முன்னாடியே மெஷின்ல மாட்டிக் கோணியிருந்துச்சு."

அவள் கையை விரித்துக் காட்டினாள். அதிகாரி எழுந்து, ஆல்பத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அவன் அம்மாவின் விரலையும் அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தான். "இத்தனை வருஷமா ஏம்மா சொல்லல?"

"சிகரெட் கம்பெனியில வேலை பார்க்கறதை யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு, மூணாங்கிளாஸ் படிக்கறப்போ நீதானேப்பா சத்தியம் வாங்கின?"