முற்றுகையில் துணைவேந்தர்

காலையிலிருந்து துணைவேந்தர் உள்ளே இருக்க, அவர் அறை வெளியிலிருந்து பூட்டிக் கிடந்தது. நூலகத்தை இரவிலும் திறந்து வைக்கச் சொல்லி மாணவர்கள் வாசலை மறித்து உட்கார்ந்திருந்தார்கள்.

பதிவாளர் போனில் பதறினார். "சார், போலீஸைக் கூப்பிடட்டுமா?"

"வேண்டாம். நம்ம பசங்க."

"அப்போ கேட்டதைக் கொடுத்துடலாமே சார்?"

"இன்னைக்கு முடியாது. நாளைக்குப் பார்க்கலாம்."

அடுத்து மனைவி அழைத்தாள். "ஆராய்ச்சிக்கூடத்துல விமானம் விமானம்னு நிம்மதியா இருந்தீங்க. இந்த நாற்காலியில வந்து மாட்டிக்கிட்டீங்களே!"

"மாட்டிக்கிட்டேன்தான்," என்று பெருமூச்சு விட்டார்.

மாலையில் பதிவாளரே மாணவர்களிடம் பேசி, கோரிக்கைக்கு ஒப்புக்கொண்டு பூட்டைத் திறக்க வைத்தார். கை நிறையக் கோப்புகளோடு உள்ளே நுழைந்தவர் திகைத்து நின்றார்.

மேசை முழுக்க ஒரு விமான இறக்கையின் வரைபடம் விரிந்திருந்தது. பதவிக்கு வந்த நாள் முதல் தொட நேரமில்லாமல் கிடந்தது, இன்று ஒரே நாளில் பாதிக்கு மேல் வளர்ந்திருந்தது. துணைவேந்தர் மனசே இல்லாமல் பென்சிலைக் கீழே வைத்தார்.

மாணவர் தலைவி தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். "மன்னிச்சிடுங்க சார். இனிமே உங்களைப் பூட்டவே மாட்டோம்."

அவர் முகம் வாடிவிட்டது.

"ஏம்மா, வேற கோரிக்கையே இல்லையா உங்களுக்கு?"