இருபது வருஷக் கசப்பு

சீனத்திலிருந்து வந்த, வருஷம் ஏற ஏறப் பதப்படும் பூ-எர் ரகத் தேயிலையைக் கெட்டியாக அழுத்திய வில்லை ஒன்று அலமாரியில் இருபது வருஷமாகக் கிடந்தது. வந்த அன்றே அதைக் கிள்ளிப் போட்டுக் குடித்த வீட்டுக்காரர், கசப்பு தாங்காமல் முகம் சுளித்தார். பக்கத்திலிருந்த சர்க்கரை டப்பா விழுந்து விழுந்து சிரித்தது. வில்லை அதை மறக்கவில்லை.

இன்று அவர் மறுபடியும் ஒரு துண்டைப் பெயர்த்து மண் கெண்டியில் போட்டார். இந்த முறையும் முகம் சுளித்தால் குப்பைக்கூடைதான். வெந்நீர் ஊற்றினார், ஊற்றிய வேகத்தில் அதைக் கீழே கொட்டினார்.

“கொட்டிட்டாரு! தோத்தியாடா கசப்பா!” என்று துள்ளியது டப்பா.

“அது என் தூசியைக் கழுவின தண்ணிடா, மடையா. இனிமேதான் இருக்கு.”

இரண்டாம் தண்ணீர் செந்தேன் நிறத்தில் இறங்கியது. குடித்தவர் கண்ணை மூடினார். தொண்டையில் இனிப்பு ஊறி ஊறி வந்தது. எட்டாவது முறை ஊற்றியும் சாரம் குறையவில்லை. டப்பாவை அவர் தொடவே இல்லை.

டப்பாவின் குரல் இறங்கியது. “அண்ணே, அன்னிக்குச் சிரிச்சதை இன்னுமா மனசுல வெச்சிருக்கீங்க?”

“வெச்சிருந்ததாலதான்டா இவ்வளவு பதமா இருக்கேன்,” என்றது வில்லை. “நீ இன்னும் கொஞ்சம் சிரிச்சிருக்கலாம்.”