மாங்கனியன்று பதினோரு நிமிஷம்

“உங்க ஆஸ்பத்திரியில திருட்டு நடந்திருக்கு சார்” என்று முதலில் சொன்னது கவியாதான்.

மேலாளர் ராஜ்மோகன் காபி டம்ளரைப் பட்டென்று வைத்தார். “எங்க மேடம்?”

“கம்ப்யூட்டர்ல.”

கவியாவின் வேலையே அதுதான். காரைக்காலில் இருக்கும் அந்தத் தனியார் மருத்துவமனையின் கம்ப்யூட்டருக்குள் வேண்டாதவர்கள் நுழைய வழி இருக்கிறதா என்று, அனுமதிக் கடிதத்தோடு, தானே நுழைந்து பார்ப்பது. ஓ.பி. சீட்டுப் போடும் கவுண்டரின் கணக்கைக் கொடுத்திருந்தார்கள். இருப்பதிலேயே அதிகாரம் குறைந்த கணக்கு. அங்கிருந்து மேலே ஏறி, எல்லா அதிகாரமும் உள்ள அட்மின் ஆக முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டு நாள் முட்டி மோதியும் ஏற முடியவில்லை.

“நம்ம சிஸ்டம் கோட்டை மாதிரி மேடம்” என்று ராஜ்மோகன் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் பழைய பதிவுகளைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, கோட்டையில் ஒரு கதவு வெகுநாள் திறந்தே கிடந்திருக்கிறது. மணிக்கொரு தரம் அட்மின் அதிகாரத்தில் தானாக ஓடும் ஒரு சின்ன புரோகிராம். அதை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று விட்டுவைத்திருந்தார்கள். உள்ளே ஒரு வரி சேர்த்தால் போதும், சீட்டுப் போடுகிறவரும் அட்மின்தான்.

யாரோ சேர்த்திருந்தார்கள்.

“என்னிக்கு?”

“மாங்கனித் திருவிழா அன்னிக்கு. பதினோரு நிமிஷம் அட்மினா இருந்திருக்காங்க. ஊரே மாடியில நின்னு மாம்பழம் இறைச்சுக்கிட்டிருக்கற நேரம் சார்!” கவியா பக்கத்துத் திருமலைராயன்பட்டினத்துக்காரி. அன்றைக்கு யார் வேலைக்கு வருவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா?

“யாரோட கணக்கு?”

“கவுண்டர்ல சீட்டுப் போடற அல்லி.”

“கிளிஞ்சல்மேட்டுப் பொண்ணு!” ராஜ்மோகன் எழுந்தே விட்டார். “அன்னிக்கு அவ லீவு மேடம். லெட்டர்ல நானே கையெழுத்துப் போட்டேன். லீவைப் போட்டுட்டு, ஆள் இல்லாத நேரமாப் பாத்து உள்ள பூந்திருக்கா. பேஷண்ட் விவரத்தையெல்லாம் எவனுக்குக் குடுத்தாளோ! போலீசுக்குப் போவோம்.”

“போகத்தான் வேணும்” என்றாள் கவியா, சூடாக.

அரை மணி நேரத்தில் டாக்டர் பங்கஜவல்லியின் அறையில் பஞ்சாயத்து கூடிவிட்டது. மருத்துவமனை அவருடையது. அல்லி கதவோரம் நின்றாள். அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை ராஜ்மோகன் ஏற்கெனவே கழற்றி வாங்கியிருந்தார்.

கவியா மட்டும் லேப்டாப்பை விட்டு நிமிரவில்லை. போலீசுக்குச் சாட்சி வேண்டுமே என்று அந்தப் பதினோரு நிமிஷத்தை வரிவரியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க முகம் மாறியது.

“டாக்டர், இவங்க எதையும் எடுக்கல. எதையும் திறந்துகூடப் பாக்கல. அந்தக் கதவை மூடியிருக்காங்க. மூடிட்டு, தனக்குக் கெடச்ச அதிகாரத்தையும் தானே அழிச்சிட்டு இறங்கிட்டாங்க. ரெண்டு நாளா என்னால ஏற முடியலன்னா, அதுக்குக் காரணம் இவங்கதான்.” அல்லியிடம் திரும்பினாள். “இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?”

“பி.சி.ஏ. மேடம். இங்கிலீஷ்ல ஒரு அரியர். அதான் கவுண்டர்ல இருக்கேன்.”

ராஜ்மோகன் விடவில்லை. “நல்லதுக்குன்னா பூட்டை உடைக்கலாமா? அனுமதி இல்லாம நுழைஞ்சா குத்தம்னு மொத நாளே நீங்கதானே மேடம் கிளாஸ் எடுத்தீங்க?”

“நானும் இதைத்தானே சார் செய்ய வந்தேன்? எனக்குன்னா ரிப்போர்ட், அவங்களுக்குன்னா போலீசா? என்கிட்ட லெட்டர் இருக்கு, அவங்ககிட்ட இல்ல. அவ்வளவுதானே வித்தியாசம்!”

“அந்த வித்தியாசத்துக்குப் பேருதான் மேடம் ஜெயில்.”

கவியா லேப்டாப்பை மூடினாள். எந்த விவாதத்திலும் தோற்றுப் பழக்கமில்லாதவள். ஆனால் ராஜ்மோகன் சொன்னது சட்டம்.

“லெட்டர் இருக்கு மேடம்” என்றாள் அல்லி.

“யாரு குடுத்தா?” என்றார் டாக்டர்.

“சார்தான்.”

ராஜ்மோகன் சிரித்தார். “நான் குடுத்தது லீவும்மா!”

“நான் லீவே கேக்கலையே சார். இந்த விஷயத்தை நேர்ல வந்து சொன்னேன். ‘சீட்டுப் போடற வேலையை மட்டும் பாரு’ன்னீங்க. அப்புறந்தான் எழுதிக் குடுத்தேன்.”

கோப்பு வந்தது. மாங்கனிக்கு வந்த பதினெட்டு லெட்டர்கள், ஒரே பின்னில். எல்லாவற்றிலும் அரசாங்க அதிகாரி தோரணையில் ராஜ்மோகனின் பச்சை மைக் கையெழுத்து. பதினேழு பேர் லீவு கேட்டிருந்தார்கள். பதினெட்டாவதை டாக்டர் உரக்கப் படித்தார்.

“இந்தக் குறையால் நோயாளிகளின் ரத்த வகையைக்கூட யார் வேண்டுமானாலும் மாற்றிவிட முடியும். மாங்கனித் திருநாளன்று கவுண்டரில் கூட்டம் இருக்காது. அன்று நான் பணிக்கு வந்து, அட்மினாக நுழைந்து, இதைச் சரிசெய்ய அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

கீழே பச்சையில்: ‘அனுமதிக்கப்படுகிறது.’

ராஜ்மோகன் எட்டிப் பார்த்தார். அவருடைய கையெழுத்தேதான்.

“நான் முதல்ல உங்களைத் திருடின்னு நெனச்சேன். மன்னிச்சுக்கங்க” என்றாள் கவியா அல்லியிடம்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “ரிப்போர்ட்ல என்ன எழுதப்போறீங்க கவியா?”

“ஓட்டை ஒண்ணு இருக்கு டாக்டர். ஆனா அது கம்ப்யூட்டர்ல இல்ல. படிக்காமப் போடற கையெழுத்துல இருக்கு. அடுத்தது...” அவள் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, இரண்டே வரி எழுதி நீட்டினாள். அல்லியைக் கம்ப்யூட்டர் பிரிவுக்கு, அட்மின் பொறுப்போடு, மாற்றச் சொல்லும் பரிந்துரை.

டாக்டர் பங்கஜவல்லி அதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார். பிறகு ராஜ்மோகன் பக்கம் கையை நீட்டினார்.

“அந்தப் பச்சைப் பேனாவைக் குடுங்க.”