உச்சிவெயிலில் ஒரு சோதனைப் படம்

இரண்டரைக் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து ஒருவர் தின்ற சோற்றில் பருக்கையை எண்ணிவிட்டதாகத் தொலைநோக்கிக்காரர் சொன்னார்.

எழுபத்திரண்டு.

சட்டையில் சிந்திய இரண்டைச் சேர்க்காமல்.

மொட்டைமாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் குலுங்கின. தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்ற பிச்சையாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

இன்பராஜ் மட்டும் சிரிக்கவில்லை. கல்லூரியில் முப்பது வருடம் பௌதிகம் நடத்தியவர்.

"வெயில்ல தார் ரோட்டு மேல காத்து கொதிக்கும் வே. கோபுரமே நெளியும். உமக்குப் பருக்கை தெரிஞ்சுதாக்கும்."

நாற்காலிகள் எல்லாம் இன்பராஜ் பக்கம் சாய்ந்தன.

தொலைநோக்கிதான் பருக்கை எண்ணியவருடையது. அதற்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று இரண்டு மாதம் பாடம் எடுத்தவர் இன்பராஜ். பெரிய கேமரா வேண்டாம், கனம் தாங்காமல் குழாய் குப்புறச் சாயும். புதிதாகப் பழகுகிறவருக்குக் கண் வைக்கும் துளையில் செருகுகிற குட்டிக் கேமரா போதும். உருவத்தை இரண்டு மடங்காக்க ஒரு பார்லோ லென்ஸ். ஐந்து மடங்கு என்று ஒன்றை விற்க வருவான், ஏமாறக் கூடாது. தலைகீழ்ப் படத்தை நிமிர்த்தும் கண்ணாடி வேண்டவே வேண்டாம். நட்சத்திரத்துக்கு ஏது தலை, ஏது கால்?

இன்னொன்றும் சொல்லியிருந்தார். வானத்துக்குப் போகுமுன் பகலில், தூரத்தில், அசையாத எதையாவது வைத்து ஃபோகஸ் செய்து பழக வேண்டும்.

தொலைநோக்கிக்காரர் பழகினார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. உச்சிவெயில். முந்தின நாள் மழை, காற்றைத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தது.

பைபாஸ் பஸ் நிறுத்தம் அகப்பட்டது.

அதில் அசையாத ஓர் ஆள்.

இப்போது மடிக்கணினியைத் திறந்து அப்போது எடுத்த படத்தைக் காட்டினார். சாலை மேலே, நிழற்குடை கீழே. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் பெஞ்சிலிருந்து தலைகீழாகத் தொங்கினார். முகம் குனிந்திருந்தது. கை, டிபன் பாக்ஸுக்குள்.

வௌவால் வேட்டி கட்டியிருக்கிறது என்றார் பிச்சையா. யாருக்கும் ஆள் அடையாளம் தெரியவில்லை.

படம் எடுத்தவருக்குத் தெரிந்திருந்தது. பன்னிரண்டு வருடமாக எதிர்வீடு. தலைகீழாக என்ன, சாக்கில் கட்டிப் போட்டாலும் தெரியும்.

இன்பராஜ் படத்தை நெடுநேரம் பார்த்தார் என்று சொன்னால் பொய். ஒரு நொடிதான்.

எங்கிருந்தோ இறக்கிய படம் என்றார். முன்னைவிடச் சத்தமாக.

ஞாயிறென்றால் இன்பராஜுக்கு மகன் வீட்டில் சாப்பாடு. சர்ச் முடிந்ததும் நேரே அங்கே. சாயங்காலம் திரும்பி வந்து, மருமகள் வைத்த வெள்ளாட்டுக் கறியை மாடியில் எல்லோருக்கும் வாயாலேயே பரிமாறுவார். நல்லி எலும்பை உறிஞ்சும் சத்தம் உட்பட.

பிள்ளைகள் இரண்டு பேரையும் வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு ஓட்டல் பார்சலோடு ஞாயிறைக் கழிப்பவர், தொலைநோக்கிக்காரர் ஒருவர்தான். பார்சல் சாம்பார் நாக்குக்கு இதெல்லாம் எங்கே விளங்கப் போகிறது என்று இன்பராஜ் கேட்பார். வாரம் தவறாமல்.

நேற்றுச் சாயங்காலமும் பரிமாறினார். ஈரலைத் தனியாக வறுத்திருந்தார்களாம்.

மிளகு தூக்கலா என்று அவர் கேட்டார். கேட்கும்போது படம் அவர் கணினியில் ஐந்து மணி நேரம் பழையது.

இன்பராஜ் யோசித்து, ஆமாம் என்றார்.

ஆகவே இன்று தொலைநோக்கிக்காரர் அவசரப்படவில்லை. நூறு ஞாயிறுகளை ஒரே வாயில் மெல்லப் போகிறவருக்கு என்ன அவசரம்?

"இதுல முகம் குனிஞ்சிருக்கு," என்றார். "அடுத்த படத்துல ஆள் நிமிர்ந்து நம்மளப் பாக்காரு. கம்ப்யூட்டரத் தலைகீழாப் பிடிக்கேன், எல்லாரும் நல்லாப் பாருங்க."

பொத்தானில் விரலை வைத்தார்.

அடுத்த படத்தில் ஒரு வள்ளியூர் பஸ் நின்றது. குறுக்கே, முழுசாக. அதற்கப்புறம் படமே கிடையாது.

அது அவருக்கு மட்டும் தெரியும்.

விரல் அங்கேயே இருந்தது. பாயசத்தைக் கடைசி வரை தொடாமல் வைத்திருக்கிறவரின் விரல்.

இன்பராஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியில் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

"படம் நெசந்தான் வே. மூடும்."

பௌதிக வாத்தியாரே சொல்லிவிட்டார். நாற்காலிகள் இந்தப் பக்கம் திரும்பின. யாரோ தொலைநோக்கிக்காரர் தோளைத் தட்டினார்கள்.

பிச்சையாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் தீரவில்லை. இன்பராஜையே கேட்டார்.

"அப்ப, அந்தப் பருக்கை எண்ணுனது?"

"நடந்ததுதான்," என்றார் இன்பராஜ். "சோறு கொஞ்சந்தான இருந்துது."